பதினேழாவது பொம்மை

குடமுழுக்கு அழைப்பிதழுக்குக் கோபுரத்தை வரைய வந்த ஓவியர் திரிவிக்கிரமன், ஒரே ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு ஏசி அறைக்குப் போய்விட்டார். வெயிலில் நின்றால் கலைஞர் கருகிவிடுவார், பாவம்!

கோபுரத்துக்கு எதிரே கோலமாவு விற்கும் பொற்கொடியும் அதையே வரைந்து கோயில் அறங்காவலரிடம் நீட்டினாள். எட்டு நாள் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்து வரைந்த படம்.

திரிவிக்கிரமன் இரண்டு படங்களையும் அருகருகே வைத்து எண்ணினார்.

"மூன்றாம் நிலையில் எனக்குப் பதினேழு பொம்மை, உனக்குப் பதினாறு. ஒரு சாமியையே முழுங்கிட்டியே! இப்பவே அதைச் சேர்த்துக் காட்டு, இல்லேன்னா மாவு விக்கப் போ."

"எந்தப் பொம்மைங்கய்யா?"

தன் படத்தில் அவர் விரல் வைத்த இடத்தில், கிரீடமும் காசுமாலையுமாக ஒரு கருடன் உட்கார்ந்திருந்தது.

"அதை எப்படிங்கய்யா சேர்க்கிறது? நீங்க போட்டோ எடுத்துட்டுக் கார்ல ஏறினதுமே அந்தப் புறா பறந்து போயிடுச்சே!"

அறங்காவலர் ஓவியரின் போட்டோவை வாங்கிக் கண்ணருகே கொண்டுபோனார். புறாதான். கிரீடமும் மாலையும் ஓவியரின் அன்பளிப்பு.

சிரிப்பை அடக்கிக்கொண்டு, "அழைப்பிதழுக்கு உன் படம்தாம்மா. தெற்குக் கோபுரத்தையும் நீயே வரை. என்ன வேணும், கேள்," என்றார்.

"ஒரு பெரிய குடை வேணுங்கய்யா. அப்புறம், அங்கே பாதிக் கோபுரத்தை மறைக்கிற பேனரைக் கழட்டச் சொல்லுங்க. அதுல நீங்கதான் சிரிச்சுக்கிட்டு நிக்கிறீங்க."