கழுவாமல் வந்த கால்

இயேசு தம் சீடர்களின் பாதம் கழுவியதை நினைவுகூரும் பெரிய வியாழனன்று, சாமியார் கையால் பாதம் கழுவப்பெறும் பன்னிருவரில் ஒருத்தியாக உப்பளத்துச் சந்தியாகம்மாளைப் பங்குச் சாமியார் தேர்ந்திருந்தார். வேலை முடிந்த கையோடு அவள் கோயிலுக்கு ஓடிவந்தாள். பன்னிருவருக்கான வரிசையில் முதல் நாற்காலியில் இருந்த பேராசிரியர் கஸ்பார் எழுந்து வழிமறித்தார். வேதாகமத்தை மூன்று மொழிகளில் கற்றவர் அவர்.

"இந்தச் சேற்றுக் காலோடா சீடர் வரிசையில் உட்காருவாய்? ஞானத்தில் எனக்குத் தெரியாத ஒன்றைச் சொல், விடுகிறேன். இல்லையேல் வெளியே நில்."

"படிச்சவுகளுக்குத் தெரியாதது எனக்கு எங்க தெரியும், ஐயா? ஒரு சந்தேகந்தான். நீங்க காலக் கழுவிட்டா வந்திருக்கீய?"

"பின்னே? வாசனைச் சோப்புப் போட்டு மூன்று முறை தேய்த்தேன். எல்லாரும் அப்படித்தான் வந்திருக்கிறார்கள்."

"அப்ப சாமியார் எதைக் கழுவப் போறாரு, ஐயா?"

உட்கார்ந்திருந்தவர்கள் பளபளத்த பாதங்களை நாற்காலிக்கடியில் இழுத்துக்கொண்டார்கள். இடுப்பில் துண்டு கட்டி நின்ற சாமியார் சிரிப்பை அடக்கப் பார்த்துத் தோற்றார். கஸ்பார் மூன்று மொழிகளிலும் விடை தேடினார்.

"தெரியவில்லையே, அம்மா" என்றார் கடைசியில். அதுவரை அவர் யாரிடமும் சொல்லியிராத சொல் அது. சொன்னதும் முகம் ஏனோ தெளிந்தது. தம் நாற்காலியிலேயே அவளை உட்காரவைத்து, தண்ணீர்க் குடுவையை எடுத்துக்கொண்டு, சாமியாருக்குப் பக்கத்தில் முழந்தாளிட்டார்.