இரண்டு நிழற்குடை

கூத்தன்பொட்டலுக்கு பஸ் வந்ததே கிடையாது. பஸ் நிறுத்தம் மட்டும் இரண்டு உண்டு. பஸ் விடுகிறோம் என்று ஓட்டு வாங்கிய ஒரு கட்சி ரோட்டுக்கு இந்தப் பக்கம் நிழற்குடை கட்டியது. அதையே சொல்லி அடுத்த தேர்தலில் ஜெயித்த கட்சி அந்தப் பக்கம் ஒன்று கட்டியது.

அந்த இரண்டாவது கட்சியின் குணபாலன் இந்தத் தடவை ஓட்டுக் கேட்டு வந்தார். ஜீப்பில் நின்றபடியே, டீக்கடையில் கிளாஸ் கழுவிக்கொண்டிருந்த ஆவுடையிடம் மைக்கை நீட்டினார்.

"ஏம்மா, பயப்படாம சொல்லு. அவங்க செஞ்சது ஒசத்தியா, நாங்க செஞ்சது ஒசத்தியா?"

ஆவுடை ஈரக்கையைச் சேலையில் துடைத்தாள்.

"அவங்க செஞ்சதுதான்யா."

குணபாலன் முகம் கறுத்தது. "எங்களுது பளபளன்னு ஸ்டீல் சேரும்மா!"

"சேருக்குச் சேர் கைப்பிடி வச்சிருக்கீகளே, நெஞ்சுவலிக்காரனை எப்படிப் படுக்க வைக்க? அவங்க போட்டது சிமெண்ட் பெஞ்சு. ஏதாச்சும் வண்டி வராதான்னு பாத்துக்கிட்டே, என் வீட்டுக்காரரு அதுல வசதியாப் படுத்துத்தான் உசுர விட்டாரு."

கூட்டம் சிரித்தது. சிரித்த பிறகுதான் பாதிப் பேர் வாயை மூடினார்கள். குணபாலன் அசரவில்லை. மைக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"நாங்க ஜெயிச்சா, அதைவிட நீளமான பெஞ்சு போடுவோம்!"

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. ஜெயித்தார்.

சும்மா சொல்லக்கூடாது, சொன்னபடி போட்டார். வழுவழுப்பான கிரானைட். போன ஐப்பசியில் ஆவுடைக்கு நெஞ்சடைத்தபோது அதில்தான் படுக்க வைத்தோம். உயிரும் அதில்தான் போனது.

கால் நீட்ட இடம் தாராளமாக இருந்தது.