பாக்குமட்டைக் கவசம்

ஆவாரங்குட்டைக் கரையில் மழைக்காலம் முடிந்ததும் விலங்குகள் எல்லாம் சேர்ந்து கூத்துப் போடும். அந்த வருஷம் ராஜா வேஷம் ஒரு முயலுக்குக் கிடைத்தது.

ராஜா என்றால் கவசம் வேண்டுமே! முயல் கீழே விழுந்து கிடந்த பாக்குமட்டைகளைத் தண்ணீரில் ஊறவைத்து, வளைத்து, மார்புக்குக் கட்டிக்கொண்டது. முழங்காலுக்குக் கொட்டாங்கச்சி. வேப்பம்பிசின் தடவி, யாரோ எறிந்துவிட்டுப் போன மிட்டாய்த் தாளை மேலே ஒட்டியது. வெயிலில் அது வெள்ளிபோல மின்னியது.

"அடேயப்பா! அம்பே ஏறாது போலிருக்கே!" என்றது காட்டுப்பன்றி. எல்லாம் பலமாகக் கைதட்டின.

கூத்து முடிந்த நாலாம் நாள் குட்டைப் பக்கம் ஒரு செந்நாய் வந்து, மான்குட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு போயிற்று. உடனே கூட்டம் கூடியது.

"கவசம் போட்ட வீரன் நம்மகிட்ட இருக்கான். நமக்கென்ன கவலை? தம்பி, நீ போய் அதை விரட்டிட்டு வா!" என்றது பன்றி.

"ஐயையோ அண்ணே, அது வெறும் மட்டை! கூத்துக்குச் செஞ்சது!"

"அடக்கத்தைப் பாருங்கப்பா!" என்றது பன்றி. மறுபடியும் கைதட்டல்.

பன்றிக்குச் சாண் நீளக் கோரைப்பல் இருந்தது. கலைமானுக்குக் கொம்பு இருந்தது. அவை போகலாமே? போகாது. அதற்குத்தான் இளிச்சவாயன் ஒருவன் கிடைத்துவிட்டானே!

கைதட்டல் கேட்கக் கேட்க முயலுக்குத் தலை கிறுகிறுத்தது. வீட்டுக்கு வந்து கவசத்தை மாட்டியது. மனைவி முயல் பதறியது.

"ஏங்க, நேத்து நம்ம சின்னக்குட்டி அதைக் கடிச்சே ஓட்டை போட்டுச்சு. மறந்துட்டீங்களா?"

"சும்மா இரு. ஊரே என்னை நம்புது!"

"ஊரா வந்து கடி வாங்கப் போகுது? நாலு குட்டிங்க இருக்கு, போகாதீங்க!"

முயல் கேட்கவில்லை; செந்நாயைத் தேடிக் குட்டைக் கரைக்குப் போயிற்று. மற்றவை புதருக்குள் பதுங்கிக்கொண்டு, அங்கிருந்தே "வெற்றி! வெற்றி!" என்று கத்தின.

செந்நாய் முயலை ஏற இறங்கப் பார்த்தது. ஒரே கடிதான். மட்டை தோளிலிருந்து இடுப்புவரை கிழிந்தது. அப்போதுதான் முயலுக்குப் புத்தி வந்தது. ஓடப் பார்த்தது. முயலின் ஓட்டத்தை எந்தச் செந்நாய் பிடிக்கும்? ஆனால் முழங்காலில் இறுக்கிக் கட்டிய கொட்டாங்கச்சி காலை மடக்க விடவில்லை. இரண்டாவது எட்டிலேயே தடுக்கி விழுந்தது. அதோடு அதன் கதை முடிந்தது.

மறுநாள் காலை எல்லாம் துக்கம் விசாரிக்க வந்தன. பன்றி நீளமாகப் பெருமூச்சு விட்டது.

"நல்லவன்தான், பாவம். மட்டையை இன்னும் கொஞ்சம் கெட்டியாச் செஞ்சிருக்கலாம்!"

"ஆமாமா, அதான் தப்பு!" என்று மற்றவை தலையாட்டின.

மனைவி முயல் நாலு குட்டிகளையும் கூட்டிக்கொண்டு அன்றைக்கே அந்தக் காட்டை விட்டுப் போய்விட்டது.

நம் கையால் செய்த பொருளின் பலம் நமக்கே தெரிந்திருக்கும்போது, அடுத்தவர் கைதட்டலை நம்பி அதன் மேல் உயிரை வைக்கக் கூடாது.