கழற்றிப் போட்ட ஹம்பக்கர்கள்

“என்ற கிட்டாரு செத்துப்போச்சு அம்மணி. எப்படியாவது எழுப்பிக் குடு.”

குழந்தைவேல் கடைக்குள் வந்ததும் சொன்ன முதல் வார்த்தை இதுதான். செருப்பைக்கூடக் கழற்றவில்லை மனுஷன்.

கனகமணி கையிலிருந்த, ஈயம் பற்றவைக்கிற சால்டரிங் அயர்னைத் தாங்கியில் வைத்தாள்.

“உக்காருங்ணா. செத்துப்போச்சுன்னா எப்படி?”

“மந்தமாக் கேக்குது. போர்வையைப் போத்திக்கிட்டுப் பாடுற மாதிரி. ஒரு பளபளப்பு இல்ல, ஒரு கூர்மை இல்ல.”

குரு என்றால் தாடியும் மரத்தடியும் வேண்டும் என்று யார் கிளப்பிவிட்டதோ தெரியவில்லை. கிட்டார் ரிப்பேர் பார்க்கிற இந்தக் குருவுக்குத் தலையில் கிளிப், விரலெல்லாம் ஈயக் கறை, வயது குழந்தைவேலைவிட ரொம்பக் குறைவு. உக்கடத்துச் சந்தில் ஒரு குருவிக் கடைக்குப் பக்கத்துக் கடை. ஆனால் கோயமுத்தூரில் கிட்டார் பிடிக்கிறவர்கள் யாரும் அவள் பேச்சைத் தட்டுவதில்லை.

குழந்தைவேல் மட்டும் தட்டுவார். அவர் சுபாவம் அப்படி.

ஒரு டப்பாவை எடுத்து மேசையில் வைத்தார். உள்ளே புத்தம் புது ஜோடி ஹம்பக்கர். கிட்டார் கம்பிகளுக்கு அடியில் பதிந்திருக்கும் பிக்கப்தான் அது. கம்பி அதிர்வதைப் பிடித்து ஸ்பீக்கருக்கு அனுப்புகிற காந்தமும் செம்புச் சுருளும். சுருள் இரட்டையாக இருந்தால் கரண்டு இரைச்சல் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும், பாட்டு மட்டும் மிஞ்சும்.

“செராமிக் காந்தம்,” என்றார் பெருமையாக. “இதைவிடக் கூர்மையா இந்த ஊர்ல கிடைக்காது.”

“இவ்வளவு கூர்மை எதுக்குங்ணா?”

“எதுக்கா? சனிக்கிழமை ரிசப்ஷன் கச்சேரி. ‘உன் சவுண்டு சரியில்ல, அதுக்குள்ள மாத்து, இல்லாட்டி நாங்க ஆளை மாத்திக்கிறோம்’னுட்டான் சபரீசன். அவனும் நானும் சேந்து ஆரம்பிச்ச குழு அம்மணி அது! பேரு வெச்சதே நான்தான். என்னையவே வெளிய போங்கறான்.”

கிட்டாரைத் தவிர வேறு பிழைப்பு தெரியாத ஆள்.

“எப்படிச் சரியில்லைன்னு சொன்னாருங்க?”

“அதை வேற கேக்கணுமாக்கும்? எனக்குக் காது இல்லையா?”

கனகமணி கிட்டாரை வாங்கி மேசையில் கிடத்தினாள். பிறகு கம்பிகளைத் தளர்த்தினாள்.

பழைய பிக்கப்புகளின் திருகுகளைக் கழற்றித் தூக்கினாள். அடியில் அவளே வைத்த சால்டர் பொட்டு இன்னும் மின்னியது.

“இது போன வருஷம் நான் மாட்டினதுங்ணா.”

“ஆமா. வந்தப்ப கணீர்னு இருந்துச்சு. அப்புறம் அதுவும் மந்தமாயிருச்சு.”

“அதுக்கு முந்தி ஒண்ணு மாட்டினோம்.”

“அதுவும் அப்படித்தான்.”

“அதுக்கு முந்தி கம்பெனியில வந்தது.”

“அது சுத்த மோசம். எல்லாம் ஏமாத்து வேலை. காந்தம் நிக்கறதில்ல.”

கனகமணி மீட்டரை எடுத்து, கழற்றிய பிக்கப்பின் இரண்டு ஒயரிலும் வைத்தாள். முள் ஏறி நின்றது. மாட்டிய அன்றைக்கு எங்கே நின்றதோ அதே இடம்.

“ஒண்ணும் ஆகலீங். பிக்கப் நல்லாத்தான் இருக்கு.”

“மீட்டருக்கு என்ன சங்கீதமா தெரியும்?” என்றார் குழந்தைவேல். “நான்தான் கேக்குறேனே!”

அவள் கழற்றியதைத் தூக்கி அலமாரியிலிருந்த பிஸ்கட் டின்னில் போட்டாள். உள்ளே ஏற்கெனவே கிடந்தவற்றின் மேல் அது டங்கென்று விழுந்தது.

“உங்களுது எல்லாமே இதுலதான் கிடக்குதுங்ணா. ஒரு நாளைக்கு ஆகும்னு எடுத்து வெச்சேன்.”

“குப்பையில போடு.”

புது ஹம்பக்கரின் ஒயர்களைச் சீவி, முறுக்கி, ஈயம் பூசி, ஒவ்வொன்றாகப் பற்றவைக்க ஆரம்பித்தாள். சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல் குழந்தைவேல் வீட்டுக் கதையை எடுத்தார்.

“இந்தக் காலத்துல எந்தச் சாமானு அம்மணி ஒழுங்கா வருது? வீட்டுல குக்கரும் இதே கதைதான். விசிலே வர்றதில்ல. அடுப்பைப் பாத்துக்கங்கன்னு சொல்லிட்டு என்ற சம்சாரம் தண்ணி புடிக்கப் போனா, சோறு தீஞ்சுபோச்சு. புது வெயிட்டு வாங்கிப் போட்டேன். அதுவும் ஊமை. அவ என்னடான்னா தெருமுக்கு வரைக்கும் விசில் கேட்டுதுன்னு என்கூடச் சண்டைக்கு வர்றா.”

சால்டரிங் அயர்ன் அந்தரத்தில் நின்றது. ஒரு சொட்டு ஈயம் மேசையில் விழுந்து உருண்டது.

“என்ன அம்மணி?”

“ஒண்ணுமில்லீங்.”

மிச்சத்தையும் பற்றவைத்தாள். கம்பி ஏற்றிச் சுருதி சேர்த்து, ஆம்ப்ளிஃபயரில் செருகி, கிட்டாரை அவர் மடியில் கொடுத்தாள்.

குழந்தைவேல் வாசித்தார்.

கை என்னமோ தங்கமான கை. அதில் குற்றமே சொல்ல முடியாது. விரல் தடுமாறவில்லை, தாளம் பிசகவில்லை.

ஆனால் முகம் சுருங்கிப்போயிற்று.

“மந்தமாத்தான் இருக்கு! இன்னும் கொஞ்சம் டிரெபிள் வையி.”

கீச்சு ஒலியைக் கூட்டும் குமிழைக் கனகமணி கொஞ்சம் திருகினாள்.

“இன்னும்.”

வைத்தாள். அவள் கண் தானாக இடுக்கிக்கொண்டது.

“அட, முழுசாத் திருகு அம்மணி, எதுக்கு மிச்சம் புடிக்கற?”

முழுசாகத் திருகினாள். குழந்தைவேல் மெல்லிய கம்பியை உச்சத்தில் பிடித்து ஓர் இழு இழுத்தார்.

“யா அல்லா!”

பக்கத்துக் குருவிக் கடை அமானுல்லா பாய் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு வாசலில் நின்றார்.

“என்னம்மா அநியாயம் இது! தகரத்தை ஆணியால கீறுற மாதிரி! குருவியெல்லாம் மிரண்டு கூண்டுல போய் முட்டுது!”

குழந்தைவேலுக்குச் சுருக்கென்றது. “பாய், சங்கீதம் புடிக்கலைன்னா அந்தப் பக்கம் போங்க. குத்தம் சொல்லாதீங்க.”

“சங்கீதமா? காதுல ரத்தம் வருதுங்க!”

“பாத்தியா அம்மணி? மந்தமா இருக்குன்னு நான் அழுவறேன், இவரு ரத்தம் வருதுங்கறாரு.”

கனகமணி ஆம்ப்ளிஃபயரை அணைத்தாள். ஒயரையும் பிடுங்கிக் கீழே போட்டாள்.

“இப்ப என்னங்ணா கேக்குது?”

“என்ன கேக்கும்? ஃபேன் ஓடுது. ரோட்டுல பஸ்ஸு போகுது.”

“வேற?”

“வேற ஒண்ணுமில்ல. உன்ற கடையில எனக்குப் புடிச்சதே இந்த அமைதிதான்.”

பாய் திடுக்கிட்டு ஏதோ சொல்ல வந்தார். கனகமணி வேண்டாம் என்று கையைக் காட்டினாள்.

மேசைக்குப் பின்னால் ஒரு துணித் திரை தொங்கிக்கொண்டிருந்தது. சால்டர் வேலையில் இறகு வந்து ஒட்டாமலிருக்க அவள் கட்டியது. இத்தனை வருஷமாக வந்துபோகிற குழந்தைவேல் அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று யோசித்ததே இல்லை.

அவள் அதை ஒதுக்கினாள்.

சுவரில் ஒரு ஜன்னல். கதவு கிடையாது, கண்ணாடி கிடையாது, கம்பி வலை மட்டும். வலைக்கு அந்தப் பக்கம், கை நீட்டினால் தொடலாம், கூண்டுக்கு மேல் கூண்டாகச் சின்னச் சின்ன ஃபின்ச் குருவிகள். மிரண்டுபோய் ஒன்றின்மேல் ஒன்று ஏறி விழுந்துகொண்டிருந்தன. சிவப்பு அலகெல்லாம் திறந்து திறந்து மூடின.

குழந்தைவேல் பார்த்தார். வேடிக்கையாக இருந்தது அவருக்கு.

“ஏன் பாய், இதுங்கல்லாம் ஊமையா? சத்தமே போடலையே!”

பாய் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். கிட்டார் அணைந்தும் அவர் காதைப் பொத்திய கையை இன்னும் எடுக்கவில்லை.

குழந்தைவேலின் சிரிப்பு பாதியில் நின்றது.

வலையில் போய்க் காதை வைத்தார். கம்பி கன்னத்தில் பதிந்தது. மூக்குக்கு நேரே ஒரு குருவி. அதன் தொண்டை துடிக்கிறது. கத்துகிற வேகத்தில் மார்பு இறகு சிலிர்க்கிறது. அலகுக்குள்ளே நாக்குகூடத் தெரிகிறது.

ஃபேன் ஓடியது. பஸ் போனது.

மற்றக் காதை வைத்தார்.

ஃபேன் ஓடியது.

“ஐயோ,” என்றார். அந்த ஐயோ மட்டும் அவருக்கு நன்றாகக் கேட்டது.

ஸ்டூலில் உட்கார்ந்தார். சபரீசனின் முகம் ஞாபகம் வந்தது. உச்சஸ்தாயியில் வாசிக்கும்போதெல்லாம் முன்வரிசை ஜனங்கள் முகத்தைச் சுளித்தது ஞாபகம் வந்தது. உருகுகிறார்கள் என்றல்லவா நினைத்திருந்தார்.

“எப்ப இருந்து அம்மணி?”

கனகமணி பிஸ்கட் டின்னை எடுத்து மேசையில் கவிழ்த்தாள். ஜோடி ஜோடியாகப் பிரித்து வைத்தாள். போன வருஷத்தது. அதற்கு முந்தியது. அடியில் கிடந்த, கம்பெனியில் வந்த ஜோடி.

அந்தக் கடைசி ஜோடியைச் சேலைத் தலைப்பால் துடைத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

“இது மந்தமா இருக்குன்னு வந்தீங்களே, அன்னைக்கே.”