ஒரே பெயர், ஒரே குடும்பம்

ஜெர்மனியில் ஒரு சிறு நகரத்துக்குச் செவிலியர் வேலைக்காக வந்திருந்தாள் பூங்கோதை மாசிலாமணி. மகள் யாழினி தென்னவனை நகர அலுவலகத்தில் பதிந்தால்தான் பாலர் பள்ளியில் இடம் கிடைக்கும். இடம் கிடைத்தால்தான் திங்களன்று அவள் வேலையில் சேரலாம், சம்பளம் வாங்கலாம்.

பதிவு அதிகாரி ஷ்மிட் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டார். “உங்கள் குடும்பப் பெயர் மாசிலாமணி. குழந்தைக்கோ தென்னவன். இவள் எப்படி உங்கள் மகளாவாள்?”

“எங்கள் ஊரில் குடும்பப் பெயர் கிடையாது, ஐயா. அவரவர் அப்பா பெயரைப் பின்னால் எழுதுவோம். பிறப்புச் சான்றிதழைப் பாருங்கள்.”

“பார்க்கத் தேவையில்லை. ஒரே பெயர் என்றால் ஒரே குடும்பம். வேறு பெயர் என்றால் வேறு குடும்பம். நீங்கள் போகலாம்!”

பூங்கோதை நகரவில்லை. பக்கத்து மேசையில் இருந்த அம்மாளின் பெயர்ப் பலகையைப் பார்த்தாள். அதிலும் ஷ்மிட் என்றுதான் இருந்தது.

“சரி ஐயா, உங்கள் மனைவியிடமே கேட்டுக்கொள்கிறேன்.”

“மனைவியா? அவர் யாரோ!”

“அப்படியானால் தங்கையா?”

“எங்களுக்குள் எந்த உறவும் கிடையாது!” என்று கத்தினார் ஷ்மிட்.

“பெயர் ஒன்றாக இருக்கிறதே, ஐயா?”

“நல்லவேளை, பெயர் மட்டும்தான்!” என்றார் பக்கத்து மேசை அம்மாள். வரிசையே சிரித்தது.

காது சிவந்த ஷ்மிட் சான்றிதழை இழுத்து வாசித்தார். தாய் பூங்கோதை, தந்தை தென்னவன் என்று தெளிவாக இருந்தது. முத்திரை குத்திக் கொடுத்தார்.

அடுத்து வந்தவர் தம் பெயரைச் சொல்லத் தொடங்கினார்.

“பெயர் இருக்கட்டும், முதலில் சான்றிதழைக் கொடுங்கள்” என்றார் ஷ்மிட்.