கை கழுவிய இடத்தில் துளிர்த்த வெற்றிலைக்கொடி

வாங்க கண்ணுகளா, பக்கத்தில் வந்து உட்காருங்கள். எனக்குச் சத்தமாகச் சொல்ல வராது. மெதுவாகச் சொல்கிறேன், மெதுவாகவே கேளுங்கள்.

ரொம்ப ரொம்பக் காலத்துக்கு முன்னால், இந்த ஆறு வேறு பக்கமாக ஓடிக்கொண்டிருந்த காலத்தில், வெண்கரை என்று ஒரு நாடு இருந்தது. அதற்கு ஒரு ராஜா. கெட்டவர் இல்லை, சோம்பேறி. காலையில் வெற்றிலை, மத்தியானம் வெற்றிலை, சாயங்காலம் வெற்றிலை. வாய் நிறைய வெற்றிலை இருந்ததால் அவர் யாரையும் எதுவும் கேட்பதில்லை.

அந்த வெற்றிலை நல்லாண்டியின் கொடிக்காலில் இருந்து போனது. ஆற்றோரம் அகத்தி மரங்களை வரிசையாக நட்டு, அதில் வெற்றிலைக் கொடியை ஏற்றி, வாழைநாரால் கட்டிவிடுவான் நல்லாண்டி. இறுக்கிக் கட்டினால் கொடிக்கு நோகும். தளர்த்திக் கட்டினால் சரிந்துவிடும். குழந்தைக்கு அரைஞாண் கட்டுகிற மாதிரி கட்டுவான்.

அவன் வீட்டிலும் ஒரு குழந்தை உண்டு. சிட்டு என்று பேர். பல் முளைக்கிற வயசு. அகப்பட்டதை எல்லாம் கடிக்கும். அவன் பெண்டாட்டி செம்பாயி, அதிகம் பேசாதவள்.

வெண்கரையில் கொடிக்கால் வைத்தவர்களுக்கு மூன்று கட்டுப்பாடு. குளிக்காமல் உள்ளே போகக் கூடாது. செருப்போடு போகக் கூடாது. குற்றம் செய்த கையோடு போகவே கூடாது. குற்றம் செய்தவன் கை பட்டால் கொடி கருகிவிடும் என்று தலைமுறை தலைமுறையாக நம்பினார்கள்.

ஒரு நாள் நீதிச்சாவடியின் பெரிய நியாயக்காரர் பல்லக்கில் அந்தப் பக்கம் வந்தார். கொடிக்காலைப் பார்த்தார். நிழலைப் பார்த்தார். கிணற்றைப் பார்த்தார்.

"இதை எனக்குக் கொடுத்துவிடேன் நல்லாண்டி. என் மகளுக்குச் சீதனமாகக் கொடுக்கலாம்" என்றார்.

அவர் விளையாடுகிறார் என்று நினைத்து நல்லாண்டி சிரித்துவிட்டான். அவன் செய்த தப்பு அது ஒன்றுதான்.

மறுநாள் காலையில் சேவகர்கள் வந்தார்கள். சிவப்புத் துணியில் சுற்றி, அரக்கு முத்திரை வைத்த ஓலை ஒன்றை அவன் கழுத்தில் கட்டினார்கள்.

"உன் குற்றம் இதற்குள் இருக்கிறது. பிரிக்கக் கூடாது. தினமும் சாவடிக்கு வரவேண்டும். நாற்பத்தெட்டாம் நாள் ராஜா முன்னால் உன் வாயால் நீயே குற்றத்தைச் சொல்லவேண்டும்" என்றார்கள்.

சொன்னவன் நிலம் சாவடிக்குப் போகும். சொன்னவன் சிறைக்குப் போவான். அதுதான் வெண்கரைச் சட்டம். சொல்லாமல் இருந்தால் என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது. ஏனென்றால் அதுவரை சொல்லாமல் இருந்தவர் ஒருவரும் இல்லை.

நல்லாண்டி முதல் வாசலுக்குப் போனான். அங்கே காவல்காரன் இருந்தான்.

"ஐயா, நான் என்ன செய்தேன்?"

"தெரியாமலா கூப்பிடுவாங்க? யோசிச்சுப் பார்" என்றான் காவல்காரன்.

இரண்டாம் வாசலுக்குப் போனான். அங்கே ஓலை எழுதுகிறவர் இருந்தார்.

"ஐயா, நான் என்ன செய்தேன்?"

"செய்தவனுக்குத் தெரியாதா? யோசிச்சுப் பார்" என்றார் அவர்.

மூன்றாம் வாசலுக்குப் போனான். அங்கே பெரிய நியாயக்காரரே இருந்தார். கோபப்படவில்லை. அன்பாகத்தான் பேசினார்.

"அவசரமில்லை அப்பா. நாற்பத்தெட்டு நாள் இருக்கிறதே. வீட்டில் போய் நிதானமாக யோசித்துப் பார்."

நல்லாண்டி வீட்டுக்கு வந்தான். யோசித்தான்.

நல்லவர்களிடம் போய் யோசித்துப் பார் என்று சொன்னால் அவர்கள் உண்மையாகவே யோசிப்பார்கள். கஷ்டம் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

"செம்பாயி, சின்ன வயசில் ஒரு கிளிக்குஞ்சைக் கூட்டிலிருந்து எடுத்தேன். அது செத்துப்போச்சு. அதுவா இருக்குமோ?"

"அதுக்காக மூணு நாள் சோறு திங்காம கிடந்தீங்கன்னு அத்தை சொல்லியிருக்காங்க. அது போதும்" என்றாள் செம்பாயி.

கொஞ்ச நாள் போனது. "அம்மா சாகும்போது நான் பக்கத்தில் இல்லை. சந்தைக்குப் போயிட்டேன். அதுவா இருக்குமோ?"

"அத்தைக்கு மருந்து வாங்கத்தானே போனீங்க?"

இன்னும் கொஞ்ச நாள் போனது. "சிட்டு உன் வயித்தில் இருந்தப்போ உன்மேல் ஒரு தடவை கத்தினேன். நீ அழுதே. அதுதான். அதேதான் செம்பாயி."

"அது தப்புதான்" என்றாள் அவள். "அன்னைக்குச் சாயங்காலமே நீங்க கொய்யாப்பழம் வாங்கிட்டு வந்தீங்க, நானும் சிரிச்சுட்டேன். அது முடிஞ்சு போன கதை. அதுல ராஜாவுக்கு என்ன வேலை?"

நல்லாண்டி கேட்கவில்லை. குற்றம் செய்த கை என்று தன் கையையே பார்த்தான். கொடிக்காலுக்குள் போவதை நிறுத்தினான். சிட்டுவைத் தூக்குவதை நிறுத்தினான். குழந்தை இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நிற்கும். இவன் தன் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வான்.

கொல்லையில் ஒரு துவைக்கிற கல் இருந்தது. அதில் உட்கார்ந்து கை கழுவுவான். காலையில் கழுவுவான், சாப்பிடும் முன் கழுவுவான், சாவடிக்குப் போய் வந்தால் கழுவுவான். பிறகு காரணமே இல்லாமல் கழுவுவான். "ஊத்து" என்பான். செம்பாயி செம்பில் மொண்டு ஊற்றுவாள். ஒரு நாளும் போதும் என்று அவள் சொன்னதில்லை.

கொடிக்காலுக்குத் தண்ணீர் இறைக்க இரண்டு ஆள் வேண்டும். அக்கம்பக்கத்தில் போய்க் கேட்டாள்.

"கழுத்தில் ஓலை தொங்குற வீட்டுக்கு வேலைக்கு வந்தா நாளைக்கு எங்க கழுத்திலும் கட்டுவாங்க தாயி" என்றார்கள். பக்கத்து வீட்டு மாடாயி வேறு வேலிக்கு மேல் எட்டிப் பார்த்து, "உங்க வீட்டுக்காரர் என்னமோ பெரிசா செஞ்சிருக்காராமே? எங்கிட்ட மட்டும் சொல்லேன், நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன்" என்றாள். அவளிடம் சொன்னால் ஊர் முழுக்கச் சொன்ன மாதிரி.

செம்பாயி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு குடம் குடமாகச் சுமந்து ஊற்றினாள். எவ்வளவு ஊற்ற முடியும்? கொடி வாடியது, பழுத்தது, கருகியது.

நல்லாண்டி வேலிக்கு வெளியே நின்று பார்த்தான்.

"பார்த்தியா? கருகிப்போச்சு. நான் குற்றவாளிதான்" என்றான்.

"தண்ணி இல்லாமல் கருகுதுங்க" என்றாள் செம்பாயி.

அவன் காதில் அது விழவே இல்லை.

செம்பாயி உள்ளே போய்த் தேடினாள். ஒரே ஒரு கொடியில் மூன்று கணு பச்சையாக இருந்தது. ஒடித்து எடுத்து வந்தாள். எங்கே நடுவது? எப்போதும் ஈரமாக இருக்கிற இடம் வீட்டில் ஒன்றுதான் இருந்தது. துவைக்கிற கல்லுக்குக் கீழே, தண்ணீர் வழிந்து போகிற மண்ணில் நட்டாள். வெயில் படாமல் ஒரு தென்னங்கீற்றைச் சாய்த்து மூடினாள். இதுவும் காய்ந்துபோனால் அவன் இன்னும் உடைந்துபோவான் என்று அதைப் பற்றி அவனிடம் ஒன்றும் சொல்லவில்லை.

ஒரு நாள் நல்லாண்டி சுவரில் சாய்ந்து கிடந்தான். சிட்டு தவழ்ந்து வந்து அவன் மடியில் ஏறி, கழுத்தில் தொங்கிய ஓலையை வாயில் வைத்துக் கடித்தது. எச்சில் ஊறித் துணி நனைந்துவிட்டது. குழந்தையைப் பிடித்து இழுக்க வந்த செம்பாயி அந்த ஈரத் துணியைத் தொட்டாள். ஓலையின் இந்த முனையில் இருந்து அந்த முனை வரைக்கும் விரலால் தடவினாள்.

அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் எழுத்தாணியால் கீறின ஓலை விரலில் சொரசொர என்று தட்டுப்படும் அல்லவா? இது வழவழ என்று இருந்தது.

"இதில் ஒண்ணுமே எழுதலைங்க! வெறும் ஓலை!" என்று கத்தினாள். அவள் அப்படிக் கத்தி யாரும் கேட்டதில்லை.

நல்லாண்டி மெல்ல நிமிர்ந்தான். ரொம்ப நேரம் யோசித்தான்.

"எழுதக்கூட கூசியிருக்காங்க போலிருக்கு. அவ்வளவு பெரிய குற்றமா செஞ்சிருக்கேன்?" என்றான்.

அப்போதுதான் செம்பாயிக்குப் புரிந்தது. வெறும் ஓலை என்று காட்டினால் போதாது. இந்த மனுஷன் மனசுக்குள் எழுதிவிட்டார்கள்.

நாற்பத்தேழாம் நாள் வந்தது. காலையில் நல்லாண்டி சொன்னான். "நாளைக்குச் சொல்லிடப் போறேன் செம்பாயி."

"என்னன்னு சொல்லுவீங்க?"

"அவங்க என்ன கேட்டாலும் ஆமாம்னு சொல்லிடறேன். என்னால முடியலை."

செம்பாயி அழவில்லை. சண்டை போடவில்லை. "சரி. கை கழுவ வாங்க" என்றாள்.

அவன் கல்லில் உட்கார்ந்து கையை நீட்டினான். "ஊத்து."

அவள் ஊற்றவில்லை. குனிந்து அந்தத் தென்னங்கீற்றை எடுத்து அப்பால் வைத்தாள்.

கீழே ஒரு வெற்றிலைக் கொடி நின்றது. ஒரு முழ உயரம். ஐந்து இலை. உச்சியில் சுருண்டிருந்தது இன்னும் விரியாத இளங்கொழுந்து.

"யார் நட்டது?"

"நான்தான்."

"யார் தண்ணி ஊத்தினது?"

"நீங்கதான்" என்றாள் செம்பாயி. "நான் செம்பில மொண்டு ஊத்தினேன். ஆனா ஒவ்வொரு சொட்டும் உங்க கையைத் தொட்டுட்டுத்தான் மண்ணுல விழுந்துது. ஒரு நாளைக்குப் பத்துத் தடவை, இருபது தடவை. உங்க கை கழுவின தண்ணியைத் தவிர இது வேற தண்ணியைக் குடிக்கலை. குற்றம் செஞ்ச கையா இருந்தா இது எப்படிங்க துளிர்க்கும்?"

நல்லாண்டி பயந்து பயந்து ஒரு விரலை நீட்டி, கொழுந்தைத் தொட்டான். கருகவில்லை. இலையைத் தொட்டான். கருகவில்லை. தண்டைப் பிடித்துக்கொண்டு உச்சி வெயில் வரும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தான். கருகவே இல்லை.

பிறகு மெல்ல வாய் திறந்தான்.

"சாயுது பாரு. கட்டிவிடாம வச்சிருக்கியே. நார் எடுத்தா."

செம்பாயி ஓடிப்போய் வாழைநார் எடுத்து வந்தாள். அவன் ஒரு குச்சியை நட்டு, இறுக்காமல் தளர்த்தாமல் கட்டினான். கட்டி முடித்துத் திரும்பினால் சிட்டு இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நிற்கிறது. மண் ஒட்டின கையோடு குழந்தையைத் தூக்கிக்கொண்டான். அன்றைக்கு அதற்கப்புறம் அவன் கை கழுவவில்லை.

நாற்பத்தெட்டாம் நாள். ராஜா வெற்றிலையை மென்றுகொண்டு உட்கார்ந்திருந்தார். சபை நிறைய ஆள்.

"நல்லாண்டி, உன் குற்றத்தைச் சொல்" என்றார் பெரிய நியாயக்காரர்.

நல்லாண்டி கூட்டத்தில் செம்பாயியைத் தேடினான். கண்டான்.

"நான் ஒரு குற்றமும் செய்யலைங்க" என்றான்.

ராஜா மெல்லுவதை நிறுத்தினார். இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு பதிலை அவர் கேட்டதே இல்லை.

"அப்படியானால் ஓலையைப் பிரித்துப் படியுங்களேன்" என்றார்.

"வழக்கமில்லை மகாராஜா" என்றார் பெரிய நியாயக்காரர்.

"வழக்கம் ஆகட்டும். பிரியுங்கள்."

ஓலை எழுதுகிறவர் பிரித்தார். முன்பக்கம் பார்த்தார், பின்பக்கம் பார்த்தார். தலையைக் குனிந்துகொண்டார். "குற்றவாளி எதைச் சொல்கிறானோ, அதைத்தான் அப்புறம் எழுதுவோம் மகாராஜா" என்று முணுமுணுத்தார்.

ராஜா எழுந்தார். வாயில் இருந்த வெற்றிலையைத் துப்பினார். சிறைக்குள் இருந்தவர்களை எல்லாம் கூட்டிவரச் சொல்லி, ஒவ்வொருவரையும் தானே கேட்டார். ஒருவன் அண்ணனோடு பேசாமல் இருந்ததைச் சொன்னான். ஒருத்தி மாமியாருக்குச் சூடாகச் சோறு போடாததைச் சொன்னாள். ஒரு கிழவர் அழுதுகொண்டே நின்றார், அன்றைக்கு என்ன சொன்னோம் என்றே அவருக்கு நினைவில்லை.

ராஜாவும் அழுதார். "நான் கேட்டிருக்க வேண்டும். கேட்காதது என் குற்றம்" என்றார். எல்லாரையும் விடுவித்தார். எல்லா நிலத்தையும் திருப்பிக் கொடுத்தார். பிறகு பெரிய நியாயக்காரரைக் காட்டி, "அந்த வெறும் ஓலையை இவர் கழுத்தில் கட்டுங்கள். நாற்பத்தெட்டு நாள் இவரும் யோசிக்கட்டும்!" என்றார்.

சபை கைதட்டியது. அப்போது கூட்டத்தில் இருந்து ஒரு மெல்லிய குரல் வந்தது.

"வெறும் ஓலை வேண்டாங்க மகாராஜா."

செம்பாயிதான். எல்லாரும் திரும்பிப் பார்த்ததும் வெட்கத்தில் இடுப்பில் இருந்த குழந்தைக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டாள். ஆனாலும் சொல்லி முடித்தாள்.

"அவர் செஞ்சது என்னன்னு எழுதிக் கட்டுங்க. செஞ்ச தப்பு இன்னதுன்னு தெரிஞ்சா மனுஷன் தாங்கிக்குவான், திருந்துவான். தெரியாட்டி உடைஞ்சுதான் போவான். அது எந்த எதிரிக்கும் வேண்டாங்க."

ராஜா அவளைக் கும்பிட்டார். அப்படியே எழுதித்தான் கட்டினார்கள். வெண்கரையில் அதற்கப்புறம் யாரும் வெறும் ஓலையைப் பார்க்கவில்லை.

கதை இங்கே முடியவில்லை கண்ணுகளா. தீர்ப்பு ஒரே நாளில் வந்துவிட்டது. மனசு அப்படி ஒரே நாளில் வந்துவிடாது. அதற்குப் பிறகும் விடிந்தால் நல்லாண்டியின் கால் தானாகச் சாவடிப் பக்கம் நடக்கும். செம்பாயி "எங்கே போறீங்க?" என்று அதட்டமாட்டாள். சிட்டுவை அவன் தோளில் ஏற்றிவிட்டுக் கூடவே நடப்பாள். ஆற்றுப் பாதை பிரிகிற இடத்தில் அவன் கையைப் பிடித்து மெதுவாகக் கொடிக்கால் பக்கம் திருப்பிவிடுவாள். பத்து நாள் திருப்பினாள். இருபது நாள் திருப்பினாள். ஒரு நாள் அவள் கை நீட்டும் முன்னால் அவனே திரும்பிவிட்டான்.

கொல்லையில் துளிர்த்த அந்த ஒரு கொடியிலிருந்துதான் கணுக்கணுவாக ஒடித்து, கொடிக்கால் முழுக்க மறுபடியும் நட்டார்கள்.

குற்றமே செய்யாதவனைத் தன்மேல் தானே சந்தேகப்பட வைப்பதுதான் அநியாயத்திலேயே பெரிய அநியாயம், அந்தக் காயம் பக்கத்தில் இருப்பவர்களின் பொறுமையான அன்பினால்தான் ஆறும்.