ஒச்சப்பன் குதிரைக்குட்டிக்கு இன்சூரன்ஸ் எடுத்த கதை

சத்தியம், சத்தியம், சத்தியம். எல்லை காக்கிற ஐயனார் மேல் ஆணை. இதில் ஒரு வார்த்தை பொய் என்றாலும் என் வாயில் மிச்சமிருக்கிற பல்லெல்லாம் இப்போதே உதிரட்டும். உதிர்வதற்கு அதிகம் இல்லை என்பது வேறு விஷயம்.

குறுக்கம்பட்டி என்று ஓர் ஊர். புத்திசாலிகள் நிரம்பி வழிந்த ஊர். வழிந்தது போக மிச்சம் இருந்தவர்கள்தான் இப்போது அங்கே குடியிருக்கிறார்கள்.

அவர்களில் ஒருவர் ஒச்சப்பன். குதிரை வண்டி ஓட்டிப் பிழைத்தார். அவருடைய பெட்டைக்குதிரைக்கு வயதாகிவிட்டது. சின்ன மேடு வந்தால் இறங்கி வண்டியைத் தள்ளுவார். பெரிய மேடு வந்தால் குதிரையையும் சேர்த்துத் தள்ளுவார். அந்தக் குதிரை கடைசிக் காலத்தில் ஒரு குட்டி போட்டது. இந்தக் குட்டி ஆளானால் வீட்டில் அடுப்பு எரியும். இல்லையென்றால் இனி ஒச்சப்பன்தான் வண்டியில் பூட்டிக்கொள்ள வேண்டும்.

மனுஷனுக்குச் சோறு இறங்கவில்லை. குட்டியின் மூக்கில் விரலை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தார். விரல் பட்டுக் கூசி அது தும்மியது. "போச்சு, சளி பிடிச்சிருச்சு" என்று தன் தலைக்குத் துண்டைச் சுற்றிக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்து இன்சூரன்ஸ் ஏஜென்ட் வேதமுத்து வந்து இறங்கினார். "குட்டிக்கு இன்சூரன்ஸ் எடுத்துருங்க. நாளைக்கே ஒண்ணு ஆகி செத்துப்போச்சுன்னா, பணம் வரும்."

"சாகலைன்னா?" என்றார் ஒச்சப்பன்.

"சாகலைன்னா எதுக்குப் பணம்?"

ஒச்சப்பனின் மச்சான் குருவையா தொண்டையைச் செருமினார். ஊரில் யாருக்குச் சிக்கல் வந்தாலும் அதை இன்னும் நாலு முடிச்சுப் போட்டு இறுக்கிக் கொடுப்பது அவர்தான். "மாப்ளே, ஒரு நிமிஷம். ஏஜென்ட் ஐயா, குட்டி சாகணும்னு வந்திருக்கீகளா, சாகக்கூடாதுன்னு வந்திருக்கீகளா?"

"சாகக்கூடாதுன்னுதான்."

"அப்ப சாகாம இருக்கிற குட்டிக்கில்ல பணம் தரணும்? செத்ததுக்குப் பணம் கொடுத்தா, மத்த குட்டிகளும் அதைப் பார்த்துக் கெட்டுப்போயிராதா?"

வேதமுத்து தன் பையைத் திறந்து, மறுபடி மூடினார்.

ஒச்சப்பனின் மனைவி சிவனம்மாதான் வழி சொன்னாள். "உசுரு அதோடது. அதுகிட்டக் கேக்காம ஆம்பளைகளாப் பேசிட்டு இருந்தா எப்படி?"

நியாயம்தானே. ஒச்சப்பன் குட்டி முன்னால் குந்தினார். "ஏப்பா, உனக்கு இன்சூரன்ஸ் வேணுமா?"

ஈ மொய்த்தது. குட்டி தலையை ஆட்டியது.

"வேண்டாங்குது."

"நல்லாக் கேளு மாப்ளே. நிசமாவே வேண்டாமான்னு கேளு."

கேட்டார். ஈ இன்னும் போகவில்லை. குட்டி மறுபடி தலையை ஆட்டியது.

"வேண்டாம்னு சொன்னதையும் வேண்டாங்குது. அப்ப வேணும்னுதான் அர்த்தம்" என்று குருவையா தீர்ப்புச் சொன்னார். ஊரே தலையாட்டியது. அங்கேயும் ஈ இருந்தது.

வேதமுத்து அவசரமாக எழுதினார். செவலை நிறம், நெற்றியில் வெள்ளைப் பொட்டு. முதுகு உயரத்துக்குக் கொட்டில் தூணில் கரியால் ஒரு கோடு போட்டார். "இதுதான் அடையாளம். இதுல ஏதாவது மாறியிருந்தா கம்பெனி ஒத்துக்காது, பார்த்துக்கங்க" என்று சொல்லிவிட்டு, அடுத்த கேள்வி வருமுன் வண்டியைக் கிளப்பினார்.

ஒச்சப்பன் பார்த்துக்கொண்டார். அப்படிப் பார்த்துக்கொண்டே இருந்தபோதுதான் அந்த அநியாயம் கண்ணில் பட்டது. குட்டியின் முதுகு கோட்டைத் தாண்டியிருந்தது.

"நன்றி கெட்ட பய. இவன் பேர்ல பணம் கட்டியிருக்கேன், இவன் பாட்டுக்கு வளர்றான்" என்று தலையில் கை வைத்தார்.

சிவனம்மா ஆட்டுக்கல்லை அதன் முதுகில் ஏற்றி வைக்கச் சொன்னாள். குட்டி ஒரு சிலுப்புச் சிலுப்பியது. கல் குருவையாவின் காலில் இறங்கியது. உண்மையைச் சொல்ல வேண்டும், அதற்குப் பிறகு குருவையா ஒரு பக்கம் கொஞ்சம் குட்டையாகத்தான் நடந்தார்.

"கோட்டையே மேல தள்ளிப் போட்டுட்டா என்ன?" என்றாள் சிவனம்மா.

"அது ஏஜென்ட் போட்ட கோடு. அடுத்தவன் கோட்டுல கை வைக்கிறது திருட்டு" என்று ஒச்சப்பன் கண்டிப்பாகச் சொன்னார். நேர்மைக்குக் குறுக்கம்பட்டியில் குறைவே கிடையாது.

காலைப் பிடித்துக்கொண்டிருந்த குருவையாவுக்கு வலியிலேயே யோசனை பிறந்தது. "மாப்ளே, குட்டி மேல போகுதுன்னா, தரையைக் கீழ இறக்க வேண்டியதுதானே?"

அன்றைக்கே குட்டியின் காலடியில் மண்ணை வெட்டி எடுத்தார்கள். முதுகு கோட்டுக்குச் சரியாக வந்து நின்றது. ஒச்சப்பனுக்கு நெஞ்சு லேசாயிற்று. குட்டி வளர வளர ஊரே முறை வைத்துக் குழி வெட்டியது. மேலே நின்ற தாயின் மடியும் குட்டி வாய்க்கு எட்டுகிற உயரத்திலேயே இருந்தது. அந்த ஊர் செய்த ஒரே உருப்படியான காரியம் அது. அதுவும் தெரியாமல் நடந்தது.

குழி ஆழமானதும் தூணின் அடி வெளியே தெரிந்தது. தூண் சாய்ந்தால் கோடு சாயும். ஆகவே தூணைத் தாங்கிப் பிடிக்க ஆள் போட்டார்கள். தூணைப் பிடித்தவர்கள் கூரையை மறந்தார்கள். கூரை குருவையா மேல் இறங்கியது. கோட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று ஊர் நிம்மதிப்பட்டது.

பிறகு ஒரு நாள் மத்தியானம் பெருமழை. குழி நிரம்பியது. உள்ளே இருந்தது நீந்தி, கரையில் கால் ஊன்றி, உடம்பை உதறிக்கொண்டு ஏறி வந்து புல் மேய்ந்தது.

ஒச்சப்பன் ஓடி வந்து குழியை எட்டிப் பார்த்தார். தண்ணீர்தான் இருந்தது. குட்டியைக் காணோம். கரையில் வாட்டசாட்டமாக ஒரு குதிரை நின்றது.

"என் குட்டி போச்சே" என்று சேற்றில் உட்கார்ந்துவிட்டார். அது நடிப்பு அழுகை இல்லை. பணம் வரும் என்பதே அவருக்கு அப்போது நினைவில்லை.

குருவையாதான் அவரைக் கைத்தாங்கலாக எழுப்பினார். "மாப்ளே, அழுதா ஆச்சா? போய் ஏஜென்ட்டைப் பாரு. நடந்து போனா பொழுது சாஞ்சிரும். இந்தா, யாரு குதிரையோ நிக்குது, ஏறிப் போ."

அழுதபடியே ஏறிப் போனார். குதிரை காற்றாய்ப் பறந்தது.

வேதமுத்து வாசலுக்கு வந்து கதையைக் கேட்டார். குதிரையைப் பார்த்தார். ஒச்சப்பனைப் பார்த்தார். "ஐயா, அதே செவலை. நெத்தியில அதே வெள்ளைப் பொட்டு. இதுதானே உங்க குட்டி?"

ஒச்சப்பன் திரும்பி அந்தப் பொட்டையே உற்றுப் பார்த்தார். மெல்ல மெல்ல முகம் மாறியது. "அப்ப இதுதான் என் குட்டியை முழுங்கியிருக்கு. அவசரத்துல பொட்டு மட்டும் வெளிய ஒட்டிக்கிச்சு."

வேதமுத்து திண்டாடிப் போய்ச் சுவரில் சாய்ந்தார்.

"வருத்தப்படாதீக. உள்ளதானே இருக்கான்" என்று இப்போது ஒச்சப்பன் அவரைத் தேற்றினார். "முதல் தடவையும் குதிரை வயித்துல இருந்துதானே வந்தான். மறுபடியும் வருவான்."

"யோவ், இது ஆண் குதிரைய்யா."

ஒச்சப்பன் குனிந்து பார்த்தார். ஆமாம், ஆண்தான். விரல் மடக்கிக் கணக்குப் போட்டுப் பார்த்தார்.

"அப்ப கொஞ்சம் தாமதமாகும்" என்றார்.

இன்றைக்கும் அவர் வீட்டில் அடுப்பு எரிகிறது. அதன் மேல் வெந்நீர் தயாராக இருக்கிறது. பக்கத்தில் சிவனம்மா பழந்துணியோடு உட்கார்ந்திருக்கிறாள். இந்தத் தடவை பிறக்கப்போகிற குட்டிக்கு இன்சூரன்ஸ் எடுப்பதா வேண்டாமா என்று ஊர் கூடிப் பேசிக்கொண்டிருக்கிறது. குருவையா குதிரையின் வயிற்றில் காதை வைத்து, குட்டியிடமே கேட்டுக்கொண்டிருக்கிறார்.

இதை யார் சொன்னது என்று மட்டும் எங்கேயும் மூச்சு விட்டுவிடாதீர்கள். குட்டிக்குப் பேர் வைக்க என்னைத்தான் அழைத்திருக்கிறார்கள். அந்த விருந்தைக் கெடுத்துவிட வேண்டாம்.